40 பேர் ஒரே குரூப்பா மலையேறுறது சரியா?

போடிக்காரன்:
மேற்குத் தொடர்ச்சி மலையில ட்ரெக்கிங் போனா ஒரு குரூப்புக்கு 12 பேருக்கு மேல கூடவே கூடாது, இதான் என் கருத்து. 2018 மார்ச் 11 குரங்கணி தீ எங்க ஊருக்குப் பக்கத்துல நடந்தது. சென்னை குரூப்பும் ஈரோடு, திருப்பூர் பக்கத்து குரூப்பும் சேர்ந்து கொழுக்குமலையிலருந்து இறங்குனாங்க, 30 பேருக்கு மேல. 23 உயிர் போச்சு. ஒத்தையடிப்பாதை, சுத்தி காஞ்ச புல்லு, அத்தன பேர எந்தப் பக்கம்னு திருப்புறது?

கோவைநடையன்:
அண்ணா, அத நெனச்சா எங்களுக்கும் மனசு ஆறலைங்க. ஆனா காரணம் ஆள் கணக்கு இல்லீங்க. காடு காஞ்சு கெடக்கற மார்ச்ல, அந்தப் பாதைக்கு முறையான பெர்மிட் இல்லாம போனதுதான். 10 பேர் போயிருந்தாலும் தீ வந்திருக்கும். இப்ப தீ சீசன்ல ட்ரெக்கிங்க மூடிடறாங்க, அதுதான் சரியான வழி. பெரிய குரூப்னா கைடு, ஜீப், சாப்பாடு எல்லாச் செலவும் பிரியும், மொதல்தடவ வர்ற பொண்ணுங்கள ஆள் நெறைய இருந்தாத்தான் வீட்ல அனுப்பறாங்க. 12னு வெச்சா காசு இருக்கறவங்க மட்டுந்தான் மலைய பாக்க முடியும்ங்க.

போடிக்காரன்:
தீ வந்திருக்கும்ணே, சரி. ஆனா 10 பேர்னா கைடு ஒரு சத்தம் குடுத்தா எல்லாருக்கும் கேக்கும். 40 பேர் வரிசையில முன்னாடி போறவன் ரெண்டு வளைவு தாண்டிருப்பான், கடைசி ஆளு மூச்சு வாங்கிட்டு உக்காந்திருப்பான், நடுவுல உள்ளவனுக்கு பின்னாடி எத்தன பேர் வர்றாங்கன்னே தெரியாது. அந்த நேரம் பாதையில யானை நின்னா என்ன செய்வீங்க?

சோலைக்குருவி:
தீயும் யானையும் இருக்கட்டும், தரையை யாருமே பேசலையே. மழையில பாதை சேறாச்சுன்னா பின்னாடி வர்றவங்க எல்லாம் ஓரப் புல்லுல கால் வைப்பாங்க, பாதை அகலமாகிட்டே போகும், அப்புறம் அதுவே மழைத்தண்ணி ஓடுற வாய்க்கா ஆயிடும். 2018 ஆகஸ்ட்ல உத்தராகண்ட் ஹைகோர்ட் இமயமலைப் புல்வெளியில, அதான் புக்யால்னு சொல்வாங்களே, ராத்திரி தங்கக்கூடாதுன்னு தடை போட்டு டூரிஸ்ட் 200 பேருக்கு மேல கூடாதுன்னும் சொல்லிடுச்சு. ஆலி, பேத்னி புல்வெளி அந்த அளவுக்கு கெட்டுப்போயிருந்துச்சு.

கோவைநடையன்:
அது மொத்த ஆளுக்கான வரம்புங்க, குரூப் சைஸ் இல்ல. 40 பேர நாலா பிரிச்சு விட்டாலும் மிதிக்கற கால் அதே 80 தானுங்களே. அதுவுமில்லாம பெரிய குரூப் ஒருதடவ கடந்து போயிட்டா காட்டுமாடு திரும்பி மேய வந்துரும், நாலு குரூப்னா நாலுதடவ வெரட்டற மாதிரி. ஒரு நாளைக்கு மொத்தமா இத்தன பேர்தான்னு வைங்க, நானே ஆதரிக்கறேன்.

சோலைக்குருவி:
கால் அதேதான், ஆனா நிக்கிற இடம் வேற. 40 பேரும் ஒரே ஓடைக்கரையில உக்காந்து சாப்பிட்டு, ஒரே புதர் பின்னாடி ஒதுங்கினா அந்த இடம் தேறாதுங்க. அமெரிக்காவுல யோசெமிட்டி காட்டுல ராத்திரி தங்குற குரூப்புக்கு பாதையில 15 பேர், பாதைய விட்டு வெளிய நடந்தா 8 பேர்தான். அங்க தினசரி கோட்டாவும் இருக்கு. ரெண்டுமே வேணும்.

கோவைநடையன்:
15க்கு நான் சரிங்க, 8 பேருக்கு ஒரு உள்ளூர் கைடு கட்டாயம்னா. கைடு கூலிய அரசு கொஞ்சம் ஏத்துக்கணும், காலேஜ் பசங்களும் வரணும்ல.

போடிக்காரன்:
கூலி விஷயத்துல உங்க கூட நிக்கிறேன்ணே, எங்க மலைப் பசங்களுக்கும் வேலை கெடைக்கும். ஆனா குரங்கணி மாதிரி செங்குத்தா இறங்குற பாதைக்கு 15 அதிகம்.