நாற்பது நாள் தர்ணாவில் ஒரு சட்டம் பிறக்குமா?

பனங்காட்டான்:
நேற்று டீக்கடையில் ஒரு நண்பர், "பத்துப் பேர் கூடி என்னத்தைக் கிழிச்சிடப் போறாங்க?" என்று கேட்டார். தகவல் உரிமைச் சட்டத்தைக் கிழிக்காமல் எழுதி வாங்கினார்களே என்றேன். ராஜஸ்தானில் தேவ்டூங்ரி என்ற சிற்றூரில் 1987-இல் ஒரு மண்குடிசைக்குக் குடிபோனவர்கள் அருணா ராய், நிகில் டே, குடும்பத்தோடு சங்கர் சிங். அருணா ராய் சென்னையில் பிறந்தவர், 1975-இல் ஐ.ஏ.எஸ். வேலையை உதறியவர். 1990 மே தினத்தன்று அக்கம்பக்கத்துக் கூலிக்காரர்களோடு மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தொடங்கியது. 2005-இல் தேசிய அளவில் சட்டம். அந்தக் குடிசை இல்லாமல் இது நடந்திருக்காது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

சந்தேகப்பிராணி:
வந்துவிட்டேன். அரசின் செயல்களை அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் ராஜ்நாராயண் வழக்கில் 1975-லேயே சொல்லிவிட்டது. ஸ்வீடனில் 1766-லேயே சட்டம். அவ்வளவு தூரம் ஏன், நம் தமிழ்நாட்டிலேயே 1997-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. எந்தக் குடிசையும் இல்லை, தர்ணாவும் இல்லை. காலம் கனிந்தது, சட்டம் வந்தது. சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்கிறீர்கள்.

பனங்காட்டான்:
நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. 1997 சட்டத்தில் விதிவிலக்குப் பட்டியல்தான் நீளம். அதை வைத்து மனுப்போட்ட ஒரு ஆளையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. மேலேயிருந்து இறங்கிய சட்டம் அரசிதழிலேயே தூங்கியது.

ராஜஸ்தானில் 'தகவல்' என்ற பேச்சே முதலில் இல்லை, கூலிதான் பேச்சு. வறட்சி நிவாரண வேலைக்குப் போனால் குறைந்தபட்சக் கூலி கிடைக்காது. கேட்டால், "நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், அளவுப் புத்தகத்தில் இருக்கிறது" என்பார்கள். புத்தகத்தைக் காட்டு என்றால் அரசாங்க ரகசியம். அப்போதுதான் 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற முழக்கம் வருகிறது. 1994 டிசம்பர் 2, பாலி மாவட்டம் கோட் கிரானா. ஊரைக் கூட்டி, வருகைப் பதிவேட்டையும் பில்லையும் உரக்கப் படித்தார்கள். மக்கள் விசாரணை என்பது அவ்வளவுதான், மேடைப் பேச்சு கிடையாது. முடிந்துவிட்டதாகக் கணக்கு சொன்ன கட்டடம் அரைகுறையாகக் கண்ணெதிரே நிற்கிறது. படிக்கத் தெரியாதவனுக்கும் அது புரிந்தது.

சந்தேகப்பிராணி:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த பில் எப்படிக் கைக்கு வந்தது? உள்ளே ஒரு நல்ல அதிகாரி மனது வைத்தார், வந்தது. அடுத்து, 2004-இல் டில்லியில் ஆட்சி மாறியது, அரசுக்கு யோசனை சொல்ல சோனியா காந்தி தலைமையில் தேசிய ஆலோசனைக் குழு அமைந்தது, அதில் அருணா ராயே உறுப்பினர். கூலிக்காரர்களின் பலமா, முன்னாள் ஐ.ஏ.எஸ்.ஸின் செல்வாக்கா? இன்னொன்றும் இருக்கிறது. இதே மாதிரி உறுதியோடு உட்கார்ந்து பெயர் தெரியாமல் போன குழுக்கள் எத்தனை ஆயிரம்? ஜெயித்த குதிரையை மட்டும் பார்த்துவிட்டு ஓட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

மண்வெட்டி அக்கா:
தம்பிகளா, நடுவில் நான் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் ஊரில் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். ஒரு வருடம் கண்மாய் வேலைக்கு வராத ஆள் பெயரெல்லாம் என்.எம்.ஆரில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஏறியிருந்தது. கேட்டால் வேலை போகும் என்று பயம். நாலு பெண்கள் சேர்ந்து பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி தகவல் உரிமை மனுப்போட்டோம். நகல் வந்ததும் கிராம சபையில் படித்தோம். அதில் செத்துப்போன என் சின்ன மாமனாரும் மண் சுமந்திருந்தார். சபையில் ஒரே சிரிப்பு, அப்புறம் ஒரே சண்டை. பணம் முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் அடுத்த வருடம் செத்தவர் யாரும் வேலைக்கு வரவில்லை.

பனங்காட்டான்:
அக்கா, இதைத்தான் நான் மூன்று பத்தியாக இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெயித்த குதிரை வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் செல்வாக்கு மட்டும் போதும் என்றால், 1995-இல் ராஜஸ்தான் முதல்வர் ஷெகாவத் "ஊராட்சிக் கணக்கின் நகல் தருவோம்" என்று சட்டமன்றத்தில் சொன்னதோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் ஆணையே வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் ஊரில் தர்ணா உட்கார்ந்தார்கள், 40 நாள். கிராமத்திலிருந்து தானியம் வந்தது, காய்கறிக்காரர்கள் காய் கொடுத்தார்கள், தொழிற்சங்கங்கள் சேர்ந்தன, பத்திரிகையாளர்கள் வந்தார்கள். அந்த வருடமே தகவல் உரிமைக்காகத் தேசிய அளவில் ஒரு பிரச்சாரக் குழு. அப்புறம் 2002-இல் நாடாளுமன்றம் ஒரு தகவல் சட்டம் நிறைவேற்றியது, அது நடைமுறைக்கே வரவில்லை. காலம் கனிந்தால் பழம் தானே விழும் என்றீர்களே, இது ஏன் கிளையிலேயே தொங்கியது? 2005 அக்டோபர் 12 வரை விடாமல் உலுக்க ஆள் வேண்டியிருந்தது.

சந்தேகப்பிராணி:
சரி, 2002 நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள்: காய்கறிக்காரர், தொழிற்சங்கம், பத்திரிகை. அப்படியானால் அது சிறு குழு இல்லை. சிறு குழு தீக்குச்சி, விறகு ஊராருடையது. குச்சிக்கு மட்டும் மாலை போடுவதுதான் எனக்கு எரிச்சல். வாங்கியதைக் காக்கவாவது முடிந்ததா? 2019-இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் முடிவு செய்யும் அதிகாரத்தை ஒன்றிய அரசு எடுத்துக்கொண்டது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தகவல் என்ற விதிவிலக்கை அகலமாக்கிவிட்டது. நாளைக்கு அக்கா கேட்ட பெயர்ப் பட்டியலுக்கே "தனிநபர் தகவல், தர இயலாது" என்று பதில் வரலாம்.

பனங்காட்டான்:
அந்தப் பயம் எனக்கும் உண்டு. 1994-இலேயே எதிர்ப்பு இருந்தது. ஊராட்சிக் கணக்கு வைத்திருந்த கிராம சேவகர்கள் என்ற அரசு ஊழியர்கள், நகல் தரமாட்டோம் என்று போராட்டமே நடத்தினார்கள். இந்தச் சண்டை ஓயாது. விறகு விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் வருகிறேன்.

சந்தேகப்பிராணி:
இருக்கட்டும். எங்கள் தெருச் சாக்கடையை ஒரே வருடத்தில் இரண்டு தடவை கட்டியதாகக் கணக்கு எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். அக்கா, மனுவில் என்ன கேட்பது?

மண்வெட்டி அக்கா:
"ஏன் இரண்டு தடவை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கட்டாயமில்லை. மதிப்பீடு, அளவுப் புத்தகம், பில், மூன்றின் நகலையும் கேளுங்கள். முப்பது நாளில் வராவிட்டால் மேல்முறையீடு. தபால் ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், நான் ஒருமுறை தொலைத்துவிட்டு அலைந்தேன்.