புதுப்பிப்பு: கம்பெனியிலேயே தங்கிவிட்டேன்
மதுரையில் ஒலி, ஒளி சாதனங்கள் பொருத்தும் கம்பெனியில் கேபிள் இழுக்கிறேன், கம்பெனி வளர்கிறது, இங்கேயே இருக்கலாமா, சென்னைக்குப் போகலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். இருந்துவிட்டேன். இப்போது டிசைன் பிரிவு.

முன்பு கல்யாண மண்டப ஸ்பீக்கர்தான் பெரும்பாலும். இப்போது கல்லூரி அரங்கு, ஆஸ்பத்திரி அறிவிப்பு, மீட்டிங் அறை எல்லாம் வருகிறது. ஏணியில் நின்று கற்றது வரைபடத்தில் கைகொடுக்கிறது. 100 வோல்ட் லைனில் (ஒரே கேபிளில் பல ஸ்பீக்கர்களை இணைக்கும் முறை) ஒவ்வொரு ஸ்பீக்கரின் டேப் வாட்டையும், அதாவது அது எடுக்கும்படி நாம் தேர்ந்து வைக்கும் திறனையும் கூட்டி, ஆம்ப்ளிஃபயர் திறனில் 80 சதவீதத்துக்குள் நிறுத்துவேன். எச்டிஎம்ஐ செம்புக் கேபிளில் 4கே படம் அதிக தூரம் போகாது. நெட்வொர்க் கேபிள் வழியே படமும் ஒலியும் அனுப்பும் எச்டிபேஸ்டி முறை என்றால், கேட்6ஏ என்ற வகை நெட்வொர்க் கேபிளில் 100 மீட்டர் வரை போகும். இதை அறிந்தவர் வரைந்தால் பொருத்தும் பையன்கள் சுவரை இரண்டு முறை உடைக்க வேண்டியதில்லை.

சான்றிதழ் பற்றிக் கேட்ட தம்பிகளுக்கு: எங்கள் துறையின் சர்வதேச சங்கமான அவிக்ஸா நடத்தும் சிடிஎஸ் என்ற பொதுச் சான்றிதழ் தேர்வை முதலில் எழுதுங்கள். அப்புறம்தான் டிசைனுக்கு சிடிஎஸ்-டி, பொருத்துவதற்கு சிடிஎஸ்-ஐ. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணத்தைக் கம்பெனி தருமா என்று தயங்காமல் கேளுங்கள். எங்கள் முதலாளி தந்தார்.

சம்பளம் சென்னையைவிடக் குறைவுதான், ஆனாலும் அம்மா பக்கத்தில் இருக்கிறார். அடுத்து திருநெல்வேலியில் கிளை திறக்கிறார்கள், அங்கே புதுப் பையன்களைப் பழக்கும் பொறுப்பு எனக்கு.