பாப்பாவுக்குத் தேன் கொடுக்கலாமா? எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

அண்ணி (இரவு 8:40): செல்வி, பாப்பாவுக்கு நேற்றிலிருந்து மூக்கடைப்பு. இப்போது இருமலும் சேர்ந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். பால் குடிக்கும்போதுதான் சிரமப்படுகிறாள், நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு விட முடியாமல் அழுகிறாள். டாக்டரை நாளைக் காலையில்தான் பார்க்க முடியும். அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்?

சித்தி: மீனா, ஒரு சொட்டுத் தேனை நாக்கில் தடவிவிடு. இருமல் அடங்கித் தூங்கிவிடுவாள்.

பெரியப்பா: இன்று காலை எனக்கு ஒன்று வந்தது, மீனாவுக்கு உதவும் என்று அனுப்புகிறேன்.
*இயற்கை வைத்தியம், டாக்டரே தேவையில்லை* இருமலுக்குத் தேனும் இஞ்சிச் சாறும். சளிக்கு ஆவி. மூக்கடைப்புக்குக் கற்பூரத் தைலம். தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரம். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர். தீக்காயத்துக்குப் பற்பசை. பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

நான் (8:52): அண்ணி, தேன் வேண்டாம். இன்னும் தடவவில்லைதானே?

அண்ணி: இல்லை, நீ சொல்லட்டும் என்றுதான் இருந்தேன்.

நான்: நல்லது. சித்தி, தேன் இருமலுக்கு நல்ல மருந்துதான், அதை நான் மறுக்கவில்லை. பெரியவனுக்கு நாலு வயது, அவன் இருமினால் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தாராளமாகக் கொடுக்கலாம். பாப்பாவுக்கு எட்டு மாதம்தான். ஒரு வயது முடியும் வரை யாரும் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. தேனில் சில சமயம் பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் உறங்கும் விதைகள் இருக்கும், ஸ்போர் என்பார்கள். நம் குடலில் ஏற்கெனவே நல்ல கிருமிகள் நிறைந்திருப்பதால் அது முளைக்க இடம் கிடைக்காது. கைக்குழந்தையின் குடலில் அந்தக் கூட்டம் இன்னும் சேர்ந்து முடியவில்லை. அங்கே அது முளைத்து நஞ்சைச் சுரந்தால் தசைகள் தளர்ந்துபோகும். முதலில் மலச்சிக்கல் வரும், அப்புறம் அழுகை மெலியும், பால் உறிஞ்ச வலு இருக்காது, இமை தொங்கும், கழுத்து நிற்காது. அபூர்வமாகத்தான் வரும். ஆனால் வந்துவிட்டால் மூச்சுவிடவே இயந்திரம் தேவைப்படலாம்.

சித்தி: கொஞ்சம் சூடு பண்ணிக் கொடுத்தாலும் ஆகாதா? சுத்தமான தேன்தான் வைத்திருக்கிறேன்.

நான்: ஆகாது சித்தி. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில், அந்த ஸ்போரை நிச்சயமாக அழிக்க அழுத்தத்தோடு 121 டிகிரி வேண்டும். வீட்டு அடுப்பில் சூடு பண்ணி அதை நம்ப முடியாது. சுத்தமான தேனிலும் அது இருக்கலாம்.

அம்மா: அப்படியானால் இப்போது என்னதான் செய்வது? பிள்ளை மூச்சு முட்டுகிறாளே.

நான்: அம்மா, இந்த வயதில் மூக்கடைப்பைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. அண்ணி, மருந்துக் கடையில் உப்புநீர் மூக்குச் சொட்டு கிடைக்கும், 0.9 சதவீதம் என்று போட்டிருக்கும், அதில் மருந்து எதுவும் கலந்திருக்கக் கூடாது. அண்ணனை வாங்கிவரச் சொல்லுங்கள். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அவளை மல்லாக்கப் படுக்க வைத்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள், சளி இளகும். அப்புறம் சளி உறிஞ்சும் ரப்பர் பல்பை முதலில் வெளியே வைத்து அமுக்கிவிட்டு, நுனியை மட்டும் மூக்கு வாசலில் வைத்து மெதுவாக விடுங்கள், சளி தானாக உள்ளே வரும். உள்ளே ஆழமாக நுழைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கு உள்ளே வீங்கிவிடும், அதனால் பால் வேளைக்கும் தூக்கத்துக்கும் மட்டும் போதும். பாலைக் குறைந்த அளவில் அடிக்கடி கொடுங்கள்.

அண்ணி: சரி, இப்போதே அனுப்புகிறேன். ஆவி பிடிக்கலாமா? தைலம் தேய்க்கலாமா? பெரிய மாமா அனுப்பியதில் இரண்டும் இருக்கிறதே.

நான்: இரண்டும் வேண்டாம் அண்ணி. ஆவி பிடிக்கிறேன் என்று கொதிநீர்ப் பாத்திரத்தைக் குழந்தை பக்கத்தில் வைத்து, அது கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோய் வரும் பிள்ளைகளை எங்கள் வார்டில் பார்க்கிறோம். சளிக்கு அது செய்யும் நன்மை ரொம்பக் கொஞ்சம், அதற்காக அந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். பெரியவனுக்கும் வேண்டாம். கற்பூரம் கலந்த தைலம் இரண்டு வயதுக்குள் எங்கேயுமே தேய்க்கக் கூடாது, மூக்குக்குக் கீழே தடவவே கூடாது. கற்பூரம் வாய்க்குள் போனால் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும், அதுவும் சீக்கிரமே வரும். யூக்கலிப்டஸ் எண்ணெயும் அப்படித்தான். இரண்டும் கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும்.

பெரியப்பா: இத்தனை பேர் அனுப்புகிறார்களே அம்மா, எல்லாமே தப்பா?

நான்: எல்லாம் தப்பு இல்லை பெரியப்பா. இதில் பாதி நல்ல வைத்தியம்தான். ஆனால் எந்த வயதுக்கு, எவ்வளவு, எப்போது நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. மருந்துச் சீட்டில் அது மூன்றும் இருக்கும். வீட்டு வைத்தியத்துக்கும் அது மூன்றும் வேண்டும். நம் வீட்டில் எட்டு மாதமும் இருக்கிறது, எழுபது வயதும் இருக்கிறது. ஒரே வரி இரண்டு பேருக்கும் எப்படிப் பொருந்தும்? பற்பசை மட்டும் யாருக்குமே பொருந்தாது. தீக்காயம் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ் கூடாது, வெண்ணெய் கூடாது, வீக்கம் வருவதற்குள் மோதிரம் வளையலைக் கழற்றிவிட வேண்டும்.

தம்பி (9:20): அக்கா, நல்ல நேரத்தில் பேசுகிறீர்கள். எனக்கு மதியத்திலிருந்து வயிற்றுப்போக்கு. அந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன். சரியா?

நான்: டேய், எப்படிக் கலந்தாய்? எவ்வளவு போட்டாய்?

தம்பி: ஒரு டம்ளரில் மூன்று கரண்டி சர்க்கரை, கொஞ்சம் உப்பு. ருசிக்குத்தான்.

நான்: கீழே கொட்டிவிடு. ஒரு லிட்டர் குடிநீரை அளந்து எடு. தேக்கரண்டியில் சர்க்கரையை அள்ளி, கத்தியின் முதுகால் தலைதட்டி, அப்படி ஆறு. உப்பு தலைதட்டிய அரைத் தேக்கரண்டி. அவ்வளவுதான். குவித்துப் போடாதே, ருசி பார்த்துக் கூட்டாதே. கலந்தபின் வாயில் வைத்துப் பார், கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே.

தம்பி: சர்க்கரை கூடினால் என்ன அக்கா? தெம்புதானே?

நான்: தெம்புக்காக அதில் சர்க்கரை போடவில்லை. குடல் சுவரில் குளுக்கோஸும் உப்பின் சோடியமும் சேர்ந்து நுழைகிற வாசல் ஒன்று இருக்கிறது. ஒன்று இல்லாமல் இன்னொன்று அதில் போகாது. இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் அந்த வாசல் மூடுவதில்லை, அதனால்தான் வெறும் தண்ணீர் நிற்காத வயிற்றில் இது நிற்கிறது. சர்க்கரை அளவுக்கு மீறினால் கதை தலைகீழாகிவிடும். செரிக்காமல் நிற்கும் சர்க்கரை உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்கு இழுக்கும், போக்கு அதிகமாகும். குளிர்பானமும் பாட்டில் பழச்சாறும் வேண்டாம் என்று சொல்வது அதற்காகத்தான். உப்பு கூடினால் அது வேறு ஆபத்து, குழந்தைகளுக்கு மூளையையே பாதிக்கும். கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே நல்லது, பொட்டாசியமும் அதில் இருக்கும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு, பாதிப் பாக்கெட் பாதித் தண்ணீர் என்று கணக்குப் போடாதே.

அம்மா: இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கணக்கா?

நான்: சின்ன விஷயம் இல்லை அம்மா. 1971-இல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டே வந்தது. அப்போது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் அளந்து கலந்து, கூட இருந்த உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம்வரை போயிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வீட்டு வைத்தியம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். அளவு சரியாக இருந்ததால்தான் அது அத்தனை உயிரைக் காப்பாற்றியது.

தம்பி: கலந்துவிட்டேன். எவ்வளவு குடிக்க வேண்டும்?

நான்: ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் ஒரு டம்ளர், மடக் மடக்கென்று வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி வந்தால் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கரண்டி கரண்டியாகத் தொடங்கு. பசித்தால் சாப்பிடு, பட்டினி கிடக்காதே. ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் ஏறினாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ, ஆறு மணி நேரம் சிறுநீரே போகாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. தனியாக இருக்கிறாய், காலையில் எனக்கு ஒரு வார்த்தை போடு.

பெரியம்மா (9:48): செல்வி, இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியலில் அதிமதுரம் என்று இருக்கிறதே, உன் பெரியப்பா இப்போது அதைத்தான் தினமும் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். தொண்டைக்கு நல்லது என்றுதான் நானும் வைத்துக் கொடுக்கிறேன். ஆனால் இரண்டு மூன்று நாளாகக் கால் வீங்குகிறது. மாடி ஏறினால் தொடையில் வலுவே இல்லை என்கிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நான்: உண்டு பெரியம்மா, நல்லவேளை கேட்டீர்கள். பெரியப்பா, கஷாயத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள், அதை வழக்கம்போலப் போடுங்கள். இப்போது அழுத்தம் பார்க்க முடியுமா? அப்புறம் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்குவது ஏதாவது இருக்கிறதா?

பெரியப்பா: அதெல்லாம் இல்லை அம்மா. இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். இரு, கருவியை எடுக்கிறேன்.

நான்: அதிமதுரத்தில் கிளைசிரைசின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அந்த இனிப்பே அதனால் வருவதுதான். அது தினமும் உள்ளே போனால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். தண்ணீர் தங்கினால் கால் வீங்கும், அழுத்தம் ஏறும். பொட்டாசியம் குறைந்தால் தசை வலுவிழக்கும், ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். உங்கள் மாத்திரைகளில் ஒன்று சிறுநீர் பிரியச் செய்வது, அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும் வகையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். நிறுத்தினாலும் இதன் வேகம் அடங்கச் சில வாரங்கள் ஆகலாம்.

பெரியப்பா: 152/94. போன மாதம் 130-தான் இருந்தது.

நான்: சரி, இரவு ஓடுகிற அளவு இல்லை. காலையில் முதல் வேலையாக உங்கள் டாக்டரைப் பாருங்கள், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அதிமதுரம் குடித்ததை மறக்காமல் சொல்லுங்கள், பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். இதை டாக்டர்கள் கேட்காவிட்டால் நம் ஆட்கள் சொல்வதே இல்லை, மருந்து இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். கால் வீக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதையும் அவர் பார்க்கட்டும். ராத்திரி படபடப்போ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

பெரியம்மா: நான் பக்கத்திலேயே இருக்கிறேன். தொண்டைக்கு வேறு என்ன கொடுப்பது?

நான்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது.

சித்தி: செல்வி, என் மஞ்சள் மாத்திரையையும் கேட்டுவிடுகிறேன். மூட்டு வலிக்கு வாங்கினேன். நான் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறேனே?

நான்: அந்த டாக்டரிடம் கேட்காமல் போட வேண்டாம் சித்தி. சமையலில் போடும் மஞ்சள் பிரச்சினை இல்லை. மாத்திரையில் இருப்பது பல மடங்கு செறிவு, உங்கள் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம். சிலருக்குக் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது.

அண்ணி (10:30): சொட்டு விட்டு உறிஞ்சி எடுத்தேன், இவ்வளவு சளி அந்தச் சின்ன மூக்கில் எப்படி இருந்ததோ. முழுதாகப் பால் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். ராத்திரி நான் எதைக் கவனிக்க வேண்டும்?

நான்: தூங்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விட மாட்டார்கள். அவள் வயதுக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுகிறதா, உதடு நீலமாகிறதா, எழுப்பினாலும் பால் குடிக்க மறுக்கிறாளா என்றும் பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அண்ணி: இப்போது எண்ணினேன், 38. பள்ளம் ஒன்றும் விழவில்லை.

நான்: நன்றாக இருக்கிறது. அடுத்த பாலுக்கு எழும்போது இன்னொரு தடவை எண்ணுங்கள். எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள் அண்ணி, போனைச் சைலண்டில் போடவில்லை.