லேத் டூப்ளிகேட்டருக்குத் தமிழ் என்ன? திங்களுக்குள் வேண்டும்

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்:
மரவேலை படிக்கும் பிள்ளைகளுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பழைய பங்களா ஒன்றின் மாடிப்படிக் கைப்பிடிக்கு 24 சில்வர் ஓக் தண்டுகள், எல்லாம் ஒரே அச்சாகக் கடைய வேண்டும். மாதிரித் தண்டையோ அதன் வடிவில் வெட்டிய பிளைவுட்டையோ லேத்துக்கு இணையாகப் பொருத்திவிட்டால், ஒரு முள் அதன் மேடுபள்ளத்தைத் தொட்டுக்கொண்டே போகும். முள்ளோடு சேர்த்துப் பூட்டிய உளி அதையே புது மரத்தில் இறக்கும். இந்த டூப்ளிகேட்டருக்கு ‘நகல் கடைசல் கருவி’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நகல் அரபு அம்மா. அசலும் அரபுதான். ‘படி’ இருக்கும்போது நகல் எதற்கு? படிக்கடைசல். கடைதல் எவ்வளவு அழகான சொல்! மத்தில் கயிறு சுற்றி இழுப்பதுபோலத்தான் பழைய பட்டறையில் மரத்தையும் கயிறு இழுத்துச் சுழற்றினார்கள். மோரும் மரமும் ஒரே வினைக்குள் வந்தது அப்படித்தான். ‘கடைந்தெடுத்த முட்டாள்’ என்பதும்கூட...

உதகை:
மேசை போர்த்துக்கீசியம், அதன் காலைக் கடையும்போது மட்டும் தூய்மையா? அப்படியானால் ‘கடைப்போலி’ என்றே வைக்கலாமே ஐயா, இலக்கணத்தில் கடைசி எழுத்து மாறி மரம் மரன் ஆகிறதே!

அருவங்காடு, கடைசல்காரர்:
போலி என்று பலகை மாட்டினால் ஒருவனும் ஆர்டர் தரமாட்டான். ‘படிக்கடைசல்’ என்று சொல்லிப் பார்த்தேன், “மாடிப்படிக்கு மட்டுமா அண்ணா, கட்டில் காலுக்கு ஆகாதா?” என்கிறான் பட்டறைப் பையன். அதைவிட முள்ளுக்கு ஒரு பேர் வையுங்கள், வேலையே அதில்தான் இருக்கிறது. முள்முனையும் உளிமுனையும் ஒரே வளைவில் இருக்க வேண்டும். முள் மொத்தையாக இருந்தால் மாதிரியின் இடுக்கில் அடிவரை இறங்காது, கடைந்த தண்டில் அந்தக் கழுத்து தடித்துவிடும். மெல்லிய தண்டு நடுவில் அதிரும், அங்கே ஸ்டெடி, அதாவது அதிராமல் பிடிக்கும் தாங்கி, கொடுக்காமல் உளியை அழுத்தினால் அலை அலையாக வரும். அப்புறம் உப்புத்தாளோடு ஒரு நாள் போகும்.

உதகை:
வருடிக்கொண்டுதானே போகிறது, ‘வருடி’?

குன்னூர்:
அதை ஸ்கேனர்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘வருடுமுள்’?

கோத்தகிரி:
முள்ளை நம்பாதீர்கள். 1819இல் தாமஸ் பிளான்சார்டு அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டை கடையக் காப்புரிமை வாங்கிய லேத்தில் முள்ளே கிடையாது. மாதிரிமேல் ஒரு சக்கரம் உருளும், இன்னொரு சக்கரம் வெட்டும்.

அருவங்காடு:
ஐயா, நம்மிடம் இருப்பது முள்.

குன்னூர்:
சரி, ‘படிக்கடைசல் கருவி’, ‘வருடுமுள்’ என்று முடித்துவிட்டேன். முதல் பக்கத்தில் மட்டும் ‘பட்டறையில் டூப்ளிகேட்டர் என்பார்கள்’ என்று ஒரு வரி உண்டு. உதகை அண்ணா இன்னும் ‘நகல்’ பக்கம்தான், தெரியும்.

கோத்தகிரி:
ஒன்று சொல்ல மறந்தேன். அந்த ‘க்’கை எடுத்துவிடுங்கள். வினைத்தொகையாகப் ‘படிகடைசல்’ என்றால் மாடிப்படி நினைவே வராது.

குன்னூர்:
அச்சுக்குப் போய்விட்டது ஐயா.