இரண்டு வயது மகனை அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு மட்டும் ஊர் திரும்பலாமா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இரண்டே கால் வயதில் ஒரு மகனும் இரண்டு மாதப் பெண் குழந்தையும் இருக்கிறார்கள். இரண்டாம் பிரசவத்துக்காக வேடசந்தூர்ப் பக்கம் இருக்கும் என் தாய் வீட்டுக்கு மகனையும் அழைத்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் மாதம் முடிந்ததும் திருப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே நானும் என் கணவரும் மட்டும்தான். அவர் பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்ப்பதால் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார். மாமியாருக்கு மூட்டுவலி, அவரை வரவழைத்து வேலை வாங்க எனக்கு மனமில்லை.

பெரியவனை ஒரு வருடம் இங்கேயே விட்டுவிட்டுச் சின்னவளை மட்டும் தூக்கிக்கொண்டு போ என்று என் அம்மாவும் சித்தியும் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இது புதிதல்ல. என் அண்ணனும் தங்கை பிறந்தபோது அம்மாச்சியிடம்தான் வளர்ந்தார். அவர்கள் சொல்வதில் அன்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மகன் இப்போதே மிகவும் ஏங்கிப்போயிருக்கிறான். நான் சின்னவளுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் தன் காலி டம்ளரை எடுத்துவந்து என் மடியில் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் நிற்கிறான். தூளியில் அவளைப் போடப் போனால் தானே முதலில் ஏறிப் படுத்து, இரண்டு கால்களும் வெளியே தொங்க, ஆட்டச் சொல்கிறான். சிறுநீர் வந்தால் சொல்லப் பழகியிருந்தவன் மீண்டும் பாயை நனைக்கிறான். சோறும் குறைந்துவிட்டது. பையன் சவலை பாய்ந்துவிட்டான் என்று என் அம்மா வருந்துகிறார்.

அவனை விட்டுச் செல்வது சரியா? அழைத்துச் சென்றால், துணைக்கு யாரும் இல்லாமல் காலை எட்டரை முதல் இரவு எட்டு வரை இரண்டு குழந்தைகளையும் எப்படிச் சமாளிப்பது? இந்த வயது இடைவெளியில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

சிவகங்கைச்சீமை எழுதியது:

தோழி, அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் கருத்து. என் பிள்ளைகளுக்கு இடையே ஒன்றே முக்கால் வயதுதான் வித்தியாசம். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு எழுந்தது, நான் சம்மதிக்கவில்லை.

உங்கள் மகனின் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு வருடம் என்றால் என்ன என்பதோ, திருப்பூர் எவ்வளவு தொலைவு என்பதோ அவனுக்குத் தெரியாது. பாப்பா வந்தாள், அம்மா அவளை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்பது மட்டும் புரியும். இப்போது அவன் செய்பவை எல்லாம், எனக்கும் இங்கே இடம் இருக்கிறதா என்று அவன் கேட்கும் கேள்விதான். அதற்கு நாம் விட்டுப் போவதைப் பதிலாகக் கொடுக்கக் கூடாது.

அன்றாடப் பாடு கடினம்தான். அதை மறைக்க மாட்டேன். பால் கொடுக்கும் நேரத்தில்தான் பெரியவர்கள் மிகவும் படுத்துவார்கள். அந்த நேரத்துக்கு மட்டுமே வெளியே வரும் ஒரு கூடையை நான் வைத்திருந்தேன். சின்ன எவர்சில்வர் கிண்ணங்கள், மூடியோடு கூடிய டப்பாக்கள், ஒரு பழைய துண்டு, அட்டைப் புத்தகம் ஆகியவை அதில் இருக்கும். நான் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். நாற்காலியில் உட்கார்ந்தால் பெரியவளுக்கு என்னைத் தொட முடியாது. அவள் என் இடது தொடையில் சாய்ந்து டப்பாக்களைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள். பால் குடித்து முடிந்ததும் கூடை பரணுக்குப் போய்விடும். முருங்கைக்கீரை வாங்கினால் ஆய்வதற்கு அவளிடம்தான் கொடுப்பேன். பாதி இலை தரையில் கிடக்கும், ஆனால் அவள் கால் மணி நேரம் என் பக்கத்தில் அமைதியாக இருப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாப்பா அழுகிறாள், நீ பொறு என்று நாம் நாள் முழுவதும் பெரிய பிள்ளையிடமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். சில சமயம் அதைத் திருப்பிச் சொல்லுங்கள். "பாப்பா, கொஞ்சம் பொறு, அண்ணனுக்குச் சோறு பிசைந்து கொடுத்துவிட்டு வருகிறேன்" என்று அவன் காதில் விழும்படி சின்னவளிடம் சொல்லுங்கள். அவளுக்குப் புரியாது, ஆனால் அவனுக்கு நன்றாகப் புரியும். அதோடு, பார்க்க வரும் உறவினர்கள் "இனிமேல் உன் அம்மா உனக்கில்லை, பாப்பாவுக்குத்தான்" என்று பெரிய பிள்ளையைச் சீண்டுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள் என்றாலும் இரண்டு வயதுப் பிள்ளை அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். இதில் முகதாட்சண்யம் பார்க்காதீர்கள்.

மணப்பாறை மருமகள் எழுதியது:

மேலே எழுதிய தோழியின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும், பிள்ளையை ஊரில் விட்டு வந்தவர்கள் எல்லாரும் பாசமில்லாதவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இரண்டாவது குழந்தை குறைமாதத்தில் பிறந்து சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்ததால், நாங்கள் மூத்தவளை என் மாமியாரிடம் விட வேண்டியிருந்தது. அப்போது அவளுக்கு மூன்றரை வயது. அவள் பிறந்ததிலிருந்தே வளர்ந்த வீடு அது. அப்பத்தாவின் பக்கத்தில்தான் எப்போதும் தூங்குவாள். என் கணவர் வாரந்தோறும் போய் இரண்டு நாள் உடன் தங்கினார். நான் சொன்ன நாளில் போய் அழைத்துவந்தேன். அவள் நன்றாகவே இருந்தாள்.

ஆகவே பிள்ளையின் வயது, அந்த வீட்டின் பழக்கம், பிரிவின் நீளம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு வயது மிகவும் குறைவு. ஒரு வருடம் என்பது மிகவும் அதிகம். உங்கள் நிலையில் இருந்தால் நானும் அழைத்துச் சென்றுவிடுவேன். ஆனால் அங்கே போனபின் உங்களுக்கோ சின்னவளுக்கோ உடல்நலம் கெட்டு, அவனை ஒரு வாரம் அம்மாவிடம் அனுப்ப நேர்ந்தால், பெரும் பாவம் செய்துவிட்டதாக எண்ணிக் கலங்காதீர்கள். அப்படி அனுப்பும்போது அவன் தூங்கும் நேரம் பார்த்து நழுவிவிடாமல், சொல்லிவிட்டே கிளம்புங்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போவதுதான் நல்லது.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

மகளே, கிராமச் சுகாதாரச் செவிலியாகப் பணியாற்றியவள் நான். உன்னைப் போன்ற தாய்மார்களின் வீடுகளுக்குத்தான் நாள்தோறும் போய்வந்தேன். உடல்நலம் சார்ந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

பழகியிருந்த பிள்ளை மீண்டும் பாயை நனைப்பதும், தூளியில் படுக்க ஆசைப்படுவதும், மழலை பேசுவதும் தம்பி தங்கை பிறந்த வீடுகளில் சர்வ சாதாரணம். திட்டாமல் விட்டால் தானாகவே குறையும். சோறு குறைந்ததை மட்டும் கவனிக்க வேண்டும். சவலை என்று சொல்லி வருந்துவதைவிட, அங்கன்வாடியில் எடையும் உயரமும் பார்த்து, தாய் சேய் நல அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார். எடை கூடாமல் நின்றிருந்தாலோ குறைந்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டு. அவனுக்குத் தாய்ப்பால் கேட்கும் ஆசை வந்தால் பயந்து தள்ளிவிடாதே. உனக்கு விருப்பமிருந்தால், சின்னவள் குடித்து முடித்தபின் கொடுப்பதில் தீங்கு இல்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பல பிள்ளைகள் வாய் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். சின்னவளுக்கு ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் வேண்டாம்; தேனை ஒரு வயதுவரை நாக்கில்கூடத் தடவாதே.

நீ தனியாக இருக்கும்போது மிகவும் கவனிக்க வேண்டியது, இரண்டு பிள்ளைகளையும் ஒரே அறையில் ஆள் இல்லாமல் விடாமல் இருப்பதுதான். கதவைத் திறந்து பால்காரரிடம் பேசும் நேரம்கூட வேண்டாம். அடிப்பான், கிள்ளுவான் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அன்பினால்தான் பெரிய ஆபத்து நேரும். தான் தின்னும் பொட்டுக்கடலையைப் பாப்பாவுக்கும் ஊட்டுவான். நீ ஆட்டுவதைப் பார்த்துத் தூளியைத் தானும் ஓங்கித் தள்ளுவான். அவன் விழித்திருக்கும்போது, நீ கைநீட்டினால் எட்டும் தூரத்தில் இல்லையென்றால், சின்னவளைத் தூளியில் போடாதே. குளியலறைக்குப் போவதானாலும் இருவரில் ஒருவரை உன்னோடு அழைத்துப் போ. இரவில் சின்னவளை மல்லாக்கப் படுக்க வை, தலையணை வேண்டாம். இருவருக்கும் நடுவே நீ படுத்துக்கொள். அவனை அவள் பக்கத்தில் படுக்கவைத்தால் தூக்கத்தில் உருண்டு அவள் மேல் விழக்கூடும்.

அவனுக்குச் சளி பிடித்தால் இருவரையும் பிரித்துவைக்க ஒரு சிறிய வீட்டில் முடியாது. வெளியிலிருந்து வந்ததும் அவனுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடு. முகத்தில் முத்தமிடாமல் பாப்பாவின் பாதத்தில் கொடுக்கப் பழக்கு. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், வீட்டு மருந்து எதுவும் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு வாங்கினாலும் அப்படியே.

ஊர் திரும்பும் தேதியைத் தடுப்பூசியை வைத்து முடிவு செய். 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகளில் மூன்றாவது, நீ கிளம்ப நினைக்கும் சமயத்தில்தான் வருகிறது. அதை அங்கேயே போட்டுவிட்டு, காய்ச்சல் தணிந்தபின் கிளம்பினால் பேருந்தில் சிரமப்பட வேண்டாம். பெரியவனுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய ஊக்க ஊசிகள் உன் கர்ப்பகாலத்தில் விட்டுப்போயிருக்கின்றனவா என்று அட்டையைப் பார்.

கடைசியாக, உன்னைப் பற்றி. பிள்ளைகள் தூங்கியும் உனக்குத் தூக்கம் வராமல், காரணமின்றி அழுகை வந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது உன் குணக்கேடு அல்ல. மருத்துவம் பார்த்தால் சரியாகும் நோய். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இராசபாளையத்துத் தந்தை எழுதியது:

சகோதரி, உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டியதை நான் எழுதுகிறேன். விரும்பினால் அவரிடம் காட்டுங்கள்.

நான் நூற்பாலையில் ஷிப்ட் பார்ப்பவன். மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்தில் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. இருக்கும் சொற்ப விடுப்பையும் நம்மில் பலர் குழந்தை பிறந்த வாரத்திலேயே எடுத்துத் தீர்த்துவிடுகிறோம். அப்போது மனைவி தாய் வீட்டில், நான்கு பெண்கள் சூழ இருக்கிறார்; நாம் மாப்பிள்ளையாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறோம். உண்மையில் நாம் தேவைப்படுவது, அவர் இரண்டு பிள்ளைகளோடு நம் வீட்டுக்கு வந்து இறங்கும் நாளிலிருந்துதான். நான் என் விடுப்பை அந்த நாட்களுக்கென்று சேர்த்துவைத்து எடுத்தேன். முழு விடுப்பு கிடைக்காவிட்டால், முதல் இரண்டு மூன்று வாரங்களுக்காவது மிகைநேர வேலையைத் தவிர்த்து ஆறு மணிக்கு வீடு திரும்ப முடியுமா என்று உங்கள் கணவர் கேட்டுப் பார்க்கட்டும். கையில் வரும் பணம் குறையும்தான். ஆனால் ஒரு வருடம் மகனைப் பிரிந்திருப்பதோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடியதே.

காலையில் கிளம்பும் முன் பெரியவனைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்துவிட்டால் உங்கள் பகல் பாதி இலகுவாகும். மதியச் சோறும் குழம்பும் காலையிலேயே ஆகிவிட வேண்டும். இரண்டு பிள்ளைகளோடு நடுப்பகலில் அடுப்படியில் நிற்கக் கூடாது. இரவு வந்ததும் அவர் சின்னவளைத் தூக்கிக்கொள்ளட்டும், நீங்கள் பெரியவனோடு இருங்கள். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: தந்தை பெரிய பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போகிறார், தாய் நாள் முழுவதும் கைக்குழந்தையோடே இருக்கிறார். பிள்ளை ஏங்குவது தாய்க்காக. அரை மணி நேரமாவது அவனுக்கு முழுதாகத் தாய் கிடைக்க வேண்டும்.

இரண்டு வயது நிறைந்துவிட்டதால் பெரியவனை அங்கன்வாடியில் சேர்க்கலாம். மதிய உணவும் உண்டு. ஆனால் ஊர் திரும்பிய அதே வாரத்தில் சேர்க்காமல், அவன் வீட்டில் நிலைகொண்டபின் சேருங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாப் பதில்களையும் கணவருக்கு அனுப்பினேன். மகனையும் அழைத்துச் செல்வது என்று முடிவு செய்துவிட்டோம். முதல் மூன்று வாரம் மிகைநேரம் பார்ப்பதில்லை என்று அவரும் மேலாளரிடம் சொல்லிவிட்டார். அம்மாவுக்குச் சற்று வருத்தம்தான். மாதம் ஒருமுறை வந்து தங்கும்படி கேட்டிருக்கிறேன்.

செவிலி அம்மாவிடம் இன்னும் ஒரு சந்தேகம். இங்கே தினமும் என் அம்மா காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிறார். அங்கே தனியாக, பக்கத்தில் மகனும் நிற்க, நான் அதை எப்படிச் செய்வது?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தினமும் அவசியமில்லை, மகளே. கணவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஊற்றினால் போதும். மற்ற நாட்களில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றைத் துடைத்து ஈரம் போக ஒற்றிவிடு. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். குளித்தபின் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். நீரை உன் முழங்கையால் தொட்டுப் பார்த்தபின் ஊற்று. வெந்நீர்ப் பாத்திரத்தை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, விளாவிய நீரில் ஒரு சின்னக் குவளையை அவனிடம் கொடு. பாப்பாவின் கால் பக்கம் ஊற்றுவது அவன் வேலையாக இருக்கட்டும்.