எம்ஜிபி கம்பி வீலுக்கு 165/80 டயரா, 185/70 டயரா?

வணக்கமுங்க. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், 14 அங்குலக் கம்பி வீல், ரிம் அகலம் நாலரை அங்குலம். பழைய டயர் அளவு 165 ஆர் 14 (அகலம் 165 மி.மீ., ரேடியல், 14 அங்குல ரிம்), டயரோட மொத்த உயரம் சுமார் 626 மி.மீ. கோயம்புத்தூர்க் கடையில 185/65 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதுல 65 சதவீதம்) போடச் சொல்றாங்க. அது 596 தான். ஸ்பீடோமீட்டர் 60 காட்டினா வண்டி 57-ல போகும், 65 வகை டயருக்கு அந்த ரிம் அகலமும் பத்தாது. 185/70 (உயரம் 615) அதே ரிம்ல உட்காரும், ஆனா பின்பக்கம் இடது வீல் ஆர்ச்சில் (சக்கரத்துக்கு மேல இருக்கிற பாடி வளைவு) உரசலாம். ஸ்விஃப்டுக்கு வர்ற 165/80 (620) தான் எனக்குச் சரியாப் படுது.

சாதாரணக் கம்பி வீலுக்கு டியூப் கட்டாயம். டயருக்குள்ள ஒட்டின ஸ்டிக்கரை உரிக்காம விட்டா டியூபைத் தேய்ச்சே ஓட்டை போட்டுடும். ஸ்போக் (கம்பி) முனை டியூபைக் குத்தாம இருக்க, அதுமேல ரிம் டேப்பும் வேணும்.

165-14 ரேடியல் டியூப் ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் எங்க கிடைக்குமுங்க? 185/70 போட்டு குன்னூர் மலையேறினவங்க, இடதுபக்கம் உரசுச்சான்னு சொல்லுங்க.