பிரேக் போட்டும் கரண்ட் திரும்பி வரவில்லை, அவசர உதவி

பேட்டை_சக்தி
வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ. மாட்லாப் என்கிற சிமுலேஷன் மென்பொருளில் மின்சார ரயில் மாடல். பிரேக் போட்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது, ஆனால் சப்ளைக்கு எதுவுமே திரும்பவில்லை. எல்லாம் பிரேக் ரெசிஸ்டரிலேயே எரிகிறது. கண்ட்ரோலரை மாற்றியும் அதேதான். ரெகவரியை எப்படிக் கூட்டுவது?

குறுக்குத்துறை
ஏசியா டிசியா? எத்தனை வோல்ட்?

வள்ளியூர்க்காரன்
விசையை வேகத்தால் பெருக்கினால்தான் பவர். வேகம் குறையக் குறைய வரவும் குறையும், நிற்கப்போகும்போது காற்று பிரேக்தான் வேலை செய்யும். இரண்டையும் கலக்கிற இடத்தில்தான் கோளாறு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லோகோ_அண்ணாச்சி
தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. டபிள்யூஏபி-7 இன்ஜின் என்றால் 25 கிலோவோல்ட் ஏசி, டிரான்ஸ்பார்மர் வழியாக மேல்கம்பிக்கே திருப்பி அனுப்பும். டபிள்யூஏபி-4-இல் அந்த வசதியே கிடையாது. வெறுமனே ‘மின்சார ரயில்’ என்றால் சோழி உருட்டியா பார்ப்பது?

செங்கோட்டை_லைன்
ஆரியங்காவு தாண்டித் தென்மலை இறக்கத்தை மாடலில் போடுங்கள். மீட்பு தானாகக் கூடும்.

லோகோ_அண்ணாச்சி
இன்ஜினின் 6 அச்சில் மட்டும்தான் அந்த மோட்டார் பிரேக். பின்னால் வரும் பெட்டிகளுக்குக் காற்றுதான். இறக்கம் இருந்தால் மட்டும் போதுமா?

வள்ளியூர்க்காரன்
இறக்கம் எதற்கு? திருச்செந்தூர் பாசஞ்சர் போதும். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர் என்று நின்று நின்று போகிற வண்டிக்குத்தான் லாபம்.

செங்கோட்டை_லைன்
என்னவே லாபம்? நிற்கிறதே நஷ்டம். அதில் ஒரு பங்குதான் திரும்பி வரும். முன்கூட்டியே பவரை எடுத்துவிட்டு உருளவிட்டால் பிரேக்கே குறைவாகத்தான் தேவைப்படும்.

பேட்டை_சக்தி
750 வோல்ட் டிசி, மெட்ரோ. சப்ஸ்டேஷனில் ஏசியை டிசியாக்க டையோடு ரெக்டிபையர். ரயில் ஒன்றுதான்.

குறுக்குத்துறை
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் கண்ட்ரோலரில் குற்றமில்லை. டையோடு ஒருவழிதான் விடும், அதனால் சப்ஸ்டேஷனுக்குள் கரண்ட் திரும்பாது. பக்கத்தில் கிளம்புகிற இன்னொரு ரயில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவும் இல்லையென்றால் லைன் வோல்டேஜ் ஏறும். 750 லைனில் தொடர்ந்து இருக்கக்கூடிய உச்சம் 900. அதைத் தாண்டவிடாமல் சாப்பர், அதாவது வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் மின்னணு ஸ்விட்ச், ரெசிஸ்டரைப் போட்டுவிடும்.

இன்னொரு ரயிலைச் சேர்த்து, இது பிரேக் பிடிக்கும் நேரத்தில் அது கிளம்புகிற மாதிரி வையுங்கள். நடுவே இருக்கிற தண்டவாளம், கரண்ட் வரும் மூன்றாம் தடம் இரண்டின் ரெசிஸ்டன்ஸையும் போட மறக்க வேண்டாம், தூரம் கூடினால் வழியிலேயே கரைந்துவிடும். ஒரே ரயில்தான் வேண்டும் என்றால் சப்ஸ்டேஷனில் டிசியை ஏசியாக்கித் திருப்புகிற இன்வெர்ட்டரோ மின்சாரத்தைச் சேமிக்கிற சூப்பர்கெபாசிட்டரோ வைக்கவேண்டும்.

அப்புறம், சாப்பர் எத்தனை வோல்டில் ஆன் ஆகிறது? சுமை இல்லாதபோது ரெக்டிபையரே 750-க்கு மேல்தான் கொடுக்கும். சாப்பரின் அளவு அதை ஒட்டி இருந்தால் ரெசிஸ்டர் எப்போதும் முந்திக்கொள்ளும்.

லோகோ_அண்ணாச்சி
ஏசி என்றால் இந்தத் தொல்லையே இல்லை. சென்னை மெட்ரோ 25 கிலோவோல்ட்தான்.

வள்ளியூர்க்காரன்
கொச்சியும் பெங்களூரும் 750 டிசிதானே அண்ணாச்சி, அவர்களெல்லாம் விவரம் இல்லாமலா போட்டார்கள்?

லோகோ_அண்ணாச்சி
சுரங்கத்தில் 25 கிலோவோல்ட் கம்பிக்கு எவ்வளவு இடைவெளி விடவேண்டும் தெரியுமா? அதையும் யோசித்துத்தான் போடுவார்கள்.

செங்கோட்டை_லைன்
அப்படியென்றால் டிசிக்கும் நியாயம் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பேட்டை_சக்தி
சாப்பர் 780-இல் இருந்தது. 880 ஆக்கி, இரண்டாவது ரயிலும் போட்டேன். வருகிறது. நன்றி.

குறுக்குத்துறை
எவ்வளவு வருகிறது? இரண்டு ரயிலுக்கும் எத்தனை நொடி இடைவெளி வைத்தீர்கள்?

குறுக்குத்துறை
சக்தி, இருக்கிறீர்களா?